பானைக்கடியில் வைத்த புட்டி

வெறும் தண்ணீர் ஊற்றிய குழாயில் ஒரு குமிழ் இருந்தது.

லீலாவதி இன்குபேட்டரின் கதவைத் திறந்த கையோடு அப்படியே நின்றாள். உள்ளிருந்து வந்த வெதுவெதுப்பான காற்றில் புளித்த மோரின் வாடையும், அதற்கடியில் சாக்கடையின் வாடையும் இருந்தன. அது வழக்கம்தான். கிருமிகளுக்கு மனித உடம்பின் சூட்டைக் கொடுத்து இரண்டு நாள் வளர்த்தால் அப்படித்தான் மணக்கும். மழைநீர் ஊற்றிய குழாய்கள் எல்லாம் ஊதா நிறம் போய் மஞ்சளாகியிருந்தன. அதுவும் எதிர்பார்த்ததே. வரிசையின் கடைசியில் தனியாக நின்ற குழாய்தான் அவளை நிறுத்தியது.

அந்தச் சோதனை எப்படி வேலை செய்கிறது என்று யார் கேட்டாலும் உட்காரவைத்துச் சொல்ல அவளுக்குப் பிடிக்கும். கண்ணாடிக் குழாயில் பால்சர்க்கரை கலந்த ஊதா ரசம். அதற்குள் அகல்திரியின் பருமன்கூட இல்லாத ஒரு குட்டிக் குழாய், தலைகீழாக, ரசம் நிரம்பி நிற்கும். ஊற்றிய தண்ணீரில் குடலில் வாழும் கிருமி இருந்தால் அது சர்க்கரையைத் தின்னும், புளிப்பை உண்டாக்கும், காற்றை விடும். புளிப்பால் ஊதா மஞ்சளாகும். காற்று மேலே எழும்பி, கவிழ்ந்த குட்டிக் குழாயின் உச்சியில் குமிழாக மாட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத ஒன்று உள்ளே உயிரோடு இருந்து மூச்சுவிடுகிறது என்பதற்கு அந்தக் குமிழ்தான் சாட்சி.

கடைசிக் குழாயில் மட்டும் காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றுவார்கள். ப்ளாங்க் என்பார்கள். அதில் எதுவும் வளரக்கூடாது. அது சும்மா இருக்கும்வரைதான் மற்ற குழாய்கள் சொல்வதை நம்பலாம்.

அவள் அதை எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். ரசம் ஊதாவாகவே இருந்தது. எதுவும் சர்க்கரையைத் தொடவில்லை. எதுவும் புளிக்கவில்லை. ஆனால் உச்சியில், கடுகளவு, ஒரு குமிழ்.

எதையும் தின்னாமல் மூச்சு மட்டும் விட்டிருந்தது.

"என்ன மேடம், ப்ளாங்க் முழுகாம இருக்குதா?" என்றான் பின்னாலிருந்து இளையபெருமாள். ஆய்வுக்கூடத்து உதவியாளன், குழாய் கழுவுவது, ரசம் காய்ச்சுவது, லீலாவதியைச் சிரிக்கவைப்பது மூன்றும் அவன் வேலை.

"குக்கர்ல சரியா அவிச்சியாய்யா?"

"எங்க வூட்டுக் கறிகூட அவ்ளோ வெந்ததில்ல மேடம். ஸ்டவ்வுல மண்ணெண்ணெய் தீர்ற வரைக்கும் வச்சிருந்தேன்."

"அப்ப உன் கை பட்டிருக்கும்."

"நல்லா இருக்குது. நல்லது நடந்தா திருச்சி ஆபீசு பேரு, கெட்டது நடந்தா இளையபெருமாள் கையி."

அவள் சிரித்தாள். புதிதாக ஒரு ப்ளாங்க் வைக்கச் சொன்னாள். திருச்சியிலிருந்து வந்த, முத்திரை உடைக்காத ஜாடியிலிருந்து தண்ணீர் எடுக்கச் சொன்னாள்.

எண்பத்து மூன்றாம் வருஷத்து ஐப்பசி மழை அப்போதுதான் பிடித்திருந்தது. நீண்ட கோடைக்குப்பின் பெய்யும் மழையின் முதல் வீச்சில் ஓடும் தண்ணீர்தான் ஓர் ஊரின் மிக மோசமான தண்ணீர். கடைத்தெருச் சாணம், கறிக்கடை ரத்தம், லாரி நிற்கும் இடத்து எண்ணெய், அரியலூர்க் கூரைகளில் மாதக்கணக்காகப் படிந்த சிமெண்ட் தூசி எல்லாம் அதில் கரைந்துவரும். தூசியின் காரத்தால் அந்தத் தண்ணீர் விரல்களுக்கிடையே சோப்பு போல வழுக்கும். பிறகு வருவது கழுவிய தெருவில் ஓடும் தண்ணீர். அதில் அவ்வளவு சேதி இருக்காது.

அத்தனை நீரும் ஊரின் தென்கோடியில் இருந்த பழைய சுண்ணாம்புக்கல் பள்ளத்துக்குப் போய்ச் சேரும். பள்ளம் நிரம்புவதில்லை. அதன் மூலையில் ஒரு வெடிப்பு உண்டு. சுண்ணாம்புக்கல் மழைநீரில் மெல்ல மெல்லக் கரையும் கல். யுகக்கணக்காகக் கரைந்து உண்டான வாய் அது. எவ்வளவு வந்தாலும் குடித்துவிடும். குடித்தது எங்கே போகிறது என்பதைக் கண்டுபிடிக்கத்தான் லீலாவதியையும் ஒரு பெட்டி குழாய்களையும் இங்கே அனுப்பியிருந்தார்கள்.

மேட்டுத்தெருவில் பொதுக்கிணறு ஒன்று இருந்தது. தெரு மேட்டில் இருந்தாலும் கிணறு ஆழமானது; அதன் நீர்மட்டம் பள்ளத்தைவிடத் தாழ்வாகக் கிடந்தது. எனவே பாறைக்குள்ளாகவே தண்ணீர் வர வழியுண்டு. அந்தத் தெருக் குழந்தைகளுக்கு வாந்தியும் பேதியும் கண்டிருந்தது. ஒரு கைக்குழந்தை போய்விட்டது. லீலாவதி வாடகைக்கு இருந்ததும் அதே தெருதான். அவளுடைய ஐந்து வயது மகள் மலர்கொடி பேதியில் காய்ந்த சுள்ளிபோல் ஆகி, இப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருந்தாள். இன்னொரு முறை வந்தால் இந்த உடம்பு தாங்காது என்று டாக்டர் முகத்தைப் பார்க்காமல் சொல்லியிருந்தார்.

ஊருக்கு அது ஒரு கிணறு. அவளுக்கு அது மலரின் கையில் இருக்கும் தம்ளர்.

மூன்று நாளுக்குமுன், முதல் மழையன்று சாயங்காலம், அவளே பள்ளத்தில் இறங்கிப் புட்டியில் நீர் பிடித்தாள். கிருமிச் சோதனைக்கான புட்டியைக் கழுவக் கூடாது. மூடியைத் தண்ணீருக்குள் வைத்துத் திறந்து, நிரப்பி, உடனே மூட வேண்டும். மேசைக்குப் போகும்வரை திறக்கக் கூடாது. கரையில் ஆட்டுக்குப் புல்லறுத்துக்கொண்டிருந்த கொளஞ்சியம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யம்மா, மொண்டதுல பாதிய திருப்பி ஊத்திட்டுப் போ."

"எதுக்கு?"

"இங்க அப்பிடித்தான். போன ஐப்பசில பொன்னாயி இதுல வுளுந்துட்டா. அவிச்ச கடல விக்கிறவ. ஆட்டுக்குட்டிய இழுக்கப் போயி வழுக்கிட்டா. கயித்த வுட்டுப் பாத்தாங்க, எட்டல. அதுலேருந்து மாட்டுக்கு மொண்டாலும் செவுரு கட்ட மொண்டாலும் பாதிய ஊத்திட்டு, 'நீ இங்கயே இரு'ன்னு சொல்லிட்டுத்தான் கரையேறுவோம்."

"சொல்லலன்னா?"

கொளஞ்சியம்மாள் வெற்றிலைப் பல்லைக் காட்டிச் சிரித்தாள். "கூடவே வந்துருவா. பாவம், அவளா ஏற முடியுமா? செவுரு வழுக்குதுல்ல."

"இதத் தொறந்தா சோதனை கெட்டுப்போயிரும்மா. காத்து பட்டாலே வேற கிருமி சேந்துரும்."

"என்னமோ. படிச்ச புள்ள, உனக்குத் தெரியாததா."

ஆய்வுக்கூடத்துக்கு வந்தால் கரண்ட் இல்லை. ஐஸும் இல்லை. புட்டி சூடானால் கிருமி அதற்குள்ளேயே பெருகிக் கணக்கைக் கெடுத்துவிடும். எனவே அவள் அதை வீட்டுக்கு எடுத்துப்போய், குடிதண்ணீர்ப் பானைக்குக் கீழே இருந்த ஈர மணலில் புதைத்துவைத்தாள். ப்ளாங்குக்கான வடிநீர்ப் புட்டியையும் பக்கத்தில் வைத்தாள். யோசித்துத்தான் செய்தாள். மண்பானையின் சுவரில் நுண்ணிய துளைகள் உண்டு. அவற்றின் வழியே தண்ணீர் வெளியே கசிந்து, உலரும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். அதனால்தான் பானைத் தண்ணீர் குளிர்கிறது. பானை வெளியேதான் கசியும். கீழே மணலில் இருப்பது மேலே பானைக்குள் ஏறாது. தண்ணீர் மேட்டுக்கு ஏறாது. மறுநாள் கரண்ட் வந்ததும் இரண்டு புட்டிகளையும் எடுத்துப்போய் இந்தச் சோதனையைத் தொடங்கினாள்.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது, புதிதாக வைத்த ப்ளாங்கிலும் குமிழ் இருந்தது.

இந்த முறை அவள் அதை ஜன்னலோரம் வைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தாள். வெளியே மேகம் இறங்கியிருந்தது. கண்ணாடியில் ஈயநிற வெளிச்சம். குமிழ் மிளகளவு இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருங்கிக் கடுகாயிற்று. சற்று நின்றது. மீண்டும் மெல்ல விரிந்து மிளகாயிற்று. கடுகு. மிளகு. தன் மூச்சும் அதே தாளத்தில் போய்வருவதை அவள் சிறிதுநேரம் கழித்துத்தான் கவனித்தாள்.

"தூங்குறவங்க மூச்சு மாதிரி இருக்குது மேடம்," என்றான் இளையபெருமாள். குரலில் கேலி இல்லை.

"சூடு ஏறுனா காத்து விரியும், எறங்குனா சுருங்கும். அவ்வளவுதான்."

அது சரியான விளக்கம்தான். ஆனால் இத்தனை வேகமாக எந்த அறையும் சூடாகி ஆறுவதில்லை என்பது இருவருக்கும் தெரியும். இளையபெருமாள் அந்தக் குழாயைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தான்.

அன்று மதியம் அடுத்த சோதனைக்கு மழை தோதாக வந்தது. சாயம் விட்டுத் தண்ணீரின் வழியைப் பிடிக்கும் சோதனை. செங்கல்பொடி போன்ற ஒரு தூள். தண்ணீரைத் தொட்டதும் ஒளிரும் பச்சையாகும். ஒரு சிட்டிகை போதும், ஒரு தொட்டியே பச்சையாகும். தண்ணீரில் காரம் இருந்தால் இன்னும் பளிச்சென்று தெரியும். சிமெண்ட் தூசி கலந்த அரியலூர் மழைநீர் அதற்கென்றே செய்தது போல. இங்கே கொட்டிவிட்டு அங்கே காத்திருக்க வேண்டும். கிணற்றில் பச்சை தெரிந்தால் பள்ளத்துக்கும் கிணற்றுக்கும் வழி இருக்கிறது என்று பொருள். தண்ணீர் பொய் சொல்லாது.

அவள் கொட்டினாள். மண்நிற வெள்ளத்தில் பச்சை நரம்பு நரம்பாய் ஓடிப் பரவியது.

"பொன்னாயி கிளிப்பச்சப் பொடவ கட்டிக்கிட்டா மேடம்," என்றான் இளையபெருமாள். சொன்னபிறகு சொல்லியிருக்க வேண்டாம் என்பதுபோல் வாயைத் துடைத்துக்கொண்டான். வெடிப்பு ஒரு நீண்ட உறிஞ்சலில் பச்சை முழுவதையும் குடித்தது.

அந்த வாரம் முழுக்கக் காலையும் மாலையும் லீலாவதி கிணற்றில் வாளியை விட்டாள். இறைத்ததைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, முந்தானையால் மூடி இருட்டாக்கி, டார்ச் அடித்துப் பார்த்தாள். தெளிந்த நீர். ஒவ்வொரு முறையும் தெளிந்த நீர். கிணற்றுக்கும் பள்ளத்துக்கும் சம்பந்தம் இல்லை. கிணற்றங்கரைக் கல்லில் உட்கார்ந்து அவள் யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் அழுதாள்.

"அப்ப நம்ம கெணறு தப்பிச்சுது," என்றான் கணவன் சாமிதுரை, சிமெண்ட் ஆலைக்கு ராத்திரி ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டே. "இனிமேலாவது தம்ளருக்குள்ள டார்ச் அடிக்காம சோறு போடுவ."

"போடுறேன், போடுறேன். கேரியர எடுத்துக்கிட்டீங்களா?"

"எடுத்துட்டேன். ஏன் லீலா, புள்ள ரொம்பத் தண்ணி குடிக்கிறா. முன்னெல்லாம் கெஞ்சணும். இப்ப அவளே மொண்டு மொண்டு குடிக்கிறா. நல்லதுதானே?"

"பேதிக்கப்புறம் ஒடம்பு தண்ணி கேக்கும்ங்க. நல்லதுதான். கொதிக்கவச்ச தண்ணிதானே."

சைக்கிள் மணி தெருமுனையில் கேட்டு அடங்கியது. விளக்கு வைக்கும் நேரத்தில் மழை வந்தது. முதலில் ஓடுகளின்மேல் யாரோ பயறு கொட்டுவதுபோல், பிறகு சாக்கு சாக்காகக் கொட்டுவதுபோல். கரண்ட் போயிற்று. வாசலோரச் சாக்கடையில் தண்ணீர் தெற்கே பள்ளத்தை நோக்கி ஓடும் இரைச்சலும், தாழ்வாரத்துத் தகரத்தில் விழும் ஒற்றைச் சொட்டும், நடையில் பாயில் படுத்திருந்த மலரின் மூச்சும் இருட்டில் தனித்தனியாகக் கேட்டன. லீலாவதி தீப்பெட்டி எடுக்க அடுப்படிக்குப் போனாள். கால் ஈரத்தில் பட்டது.

டார்ச்சை அடித்தாள். பானைக்கடி மணலிலிருந்து ஈரம் தரையில் இறங்கியிருந்தது. அந்த மணலுக்கு அவள் பல நாளாகத் தண்ணீர் ஊற்றவில்லை. கிணற்று வேலையில் மறந்தேபோயிருந்தாள். மணல் காய்ந்திருக்க வேண்டும். அது கறுத்து, கொழகொழவென்று, மழைக்காலத்துப் பள்ளத்தின் வாடையோடு கிடந்தது: நனைந்த சுண்ணாம்பு, எண்ணெய், பழைய ரத்தம். அதற்குள் எங்கோ லேசாக, அவித்த கடலை.

பானைமேல் மலர் குடித்து மிச்சம் வைத்த தம்ளர் இருந்தது. கண்ணாடித் தம்ளர். வழக்கப்படி, யோசிக்காமலே, டார்ச்சை அதன்மேல் திருப்பினாள்.

பச்சை.

புத்தி மட்டும் வேலைசெய்தது. என் கையில் ஒட்டியிருக்கும். நகக்கண்ணில் ஒரு துகள். சேலையில் ஒரு துகள். ஒரு சிட்டிகைக்கே தொட்டி பச்சையாகும். அவள் கையைச் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினாள். இன்னொரு தம்ளரைக் கழுவினாள். வாளியில் இருந்த கிணற்று நீரை அதில் மொண்டு வெளிச்சம் அடித்தாள். தெளிவு. கை சுத்தம். தம்ளர் சுத்தம். கொட்டிவிட்டுப் பானைத் தண்ணீரை மொண்டாள்.

பச்சை.

கிணற்றில் இல்லை. கையில் இல்லை. பானையில் மட்டும்.

குனிந்து மணலைப் பார்த்தாள். பள்ளத்து நீர்ப் புட்டியை எடுத்த இடத்தில் வட்டமாக ஒரு குழி அப்படியே இருந்தது. ஈர மணல் அன்றே சரிந்து மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. குழிக்குள் தண்ணீர் நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல ஏறி விளிம்பைத் தொட்டது. சற்று நின்றது. மெல்ல இறங்கியது. மீண்டும் ஏறியது.

அந்தத் தாளம் அவளுக்குத் தெரியும். கடுகு. மிளகு.

"தண்ணி மேட்டுக்கு ஏறாது," என்று வாய்விட்டுச் சொன்னாள். அந்த அடுப்படியில் தன் குரலே வேறு யாருடையதோபோல் இருந்தது. ஏறாது. தானாக ஏறாது. யாராவது மொண்டு, மூடி, மார்போடு அணைத்துத் தூக்கிவந்தால்தான் ஏறும்.

தூக்கிவந்தது யார் என்று கேட்கவேண்டியதில்லை. பாதியைத் திருப்பி ஊற்றாமல் வந்தது யார் என்றும்.

திருப்பி ஊற்றிவிட வேண்டும். பானையை, மணலை, எல்லாவற்றையும். இப்போதே. மழையானால் என்ன. பள்ளத்துக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்து, அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு வர வேண்டும். மலரைத் தனியாக விடக்கூடாது. எழுப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு போகலாம். அவள் வார்த்தையை மறந்துவிடாமல் முணுமுணுத்துக்கொண்டே நடைக்கு வந்தாள். நீ இங்கயே இரு. நீ இங்கயே இரு.

மலர் மல்லாந்து படுத்திருந்தாள். மார்பு ஏறியது. நின்றது. இறங்கியது. தலையணைத் துணி நனைந்திருந்தது. டார்ச் வெளிச்சத்தில் அந்த ஈரம் பச்சையாக மின்னியது. நெற்றி வியர்வை பச்சை. கழுத்து மடிப்பில் பச்சை.

"மலரு. எந்திரி கண்ணு."

மலர் கண்ணைத் திறந்தாள். அழவில்லை. வாய் திறந்தே இருந்தது.

வெளிச்சம் வாய்க்குள் விழுந்தது.

உள்ளே நாக்கு தெரியவில்லை. தண்ணீர் தெரிந்தது. உதட்டு விளிம்புவரை நிரம்பி, ததும்பாமல், கிணற்று நீர்போல் அசையாமல் நின்ற பச்சைத் தண்ணீர். டார்ச்சின் ஒளி அதற்குள் இறங்கிக்கொண்டே போயிற்று. ஐந்து வயதுக் குழந்தையின் தொண்டை அவ்வளவு ஆழம் இருக்காது. அடி தெரியவில்லை.

கீழே எங்கிருந்தோ ஒரு குமிழ் எழும்பியது. மேலே வந்தது. உடைந்தது. அவித்த கடலையின் வாடை.

இன்னொன்று.

அதற்குப் பின்னால் ஏதோ வெளுப்பாக ஏறிவந்தது. மெதுவாக. வழுக்கி வழுக்கி. பிடித்துப் பிடித்து. முதலில் நகங்கள். சுண்ணாம்பு அடைந்த நகங்கள். பிறகு நான்கு விரல்கள். அவை மலரின் கீழ்ப்பற்களைத் தேடித் தடவின. கரையைப் பிடிப்பதுபோல் இறுகப் பற்றின.

லீலாவதியின் வாயில் அந்த வார்த்தை மட்டும்தான் இருந்தது. அது அவளைக் கேட்காமலே வந்துவிட்டது.

"நீ இங்கயே இரு."

விரல்கள் நின்றன.

எங்கே நின்றுகொண்டு அதைச் சொன்னோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

விரல்களின் இறுக்கம் தளர்ந்தது. ஊருக்குப் போய்ச்சேர்ந்தவள் மூட்டையை இறக்குவதுபோல், ஒவ்வொரு விரலாக, அவசரமில்லாமல், பல்லை விட்டுக் கீழே இறங்கின. மலர் வாயை மூடினாள். அம்மாவைப் பார்த்தபடியே விழுங்கினாள். மெல்லிய கழுத்து ஒருமுறை புடைத்து ஏறி இறங்கியது.

மூடிய உதடுகளின் ஓரத்தில் ஒரு குமிழ் நின்றது. கடுகாகச் சுருங்கியது. மிளகாக விரிந்தது.